மலம்புழாவுக்கு மாட்டோடு போன கம்பவுண்டர்

எனக்குக் கோவையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வடக்கே போகும், அடுத்த வரி தெற்கே போகும். பாதியில் யாருடைய பேராவது மறந்துவிடும்; அதைத் தேடி முடிப்பதற்குள் உலை பொங்கி அடுப்பு அணைந்திருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். கொழிஞ்சாம்பாறையில் ஆரம்பித்துக் கோயமுத்தூர் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் மாட்டுக் கம்பவுண்டரைப் போல இன்னொரு ஆள் அகப்படமாட்டார். கடவுள் முதலில் மாடுகளைத்தான் படைத்தார், பிறகு அதுகளுக்குத் தண்ணீர் காட்ட ஆள் வேண்டுமே என்று மனிதர்களைப் படைத்தார் என்று மனதார நம்பினவர் அவர்.

எழுபதுகளில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் மலையாள எல்லைக்குள் இருந்த எங்கள் ஊர் மிருகாஸ்பத்திரியில் அவர் கம்பவுண்டர். மாட்டு டாக்டர் வந்தால் வந்தார், வராவிட்டால் இல்லை. மற்ற நாளெல்லாம் கம்பவுண்டர் ராஜ்ஜியம்தான். காக்கி அரைக்கைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, காதில் சொருகிய பென்சில், இரண்டு கையிலும் போகாத வேப்பெண்ணெய் வாசம். பேர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

மாட்டுக்குப் பார்க்கிற வைத்தியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மனிதனுக்கும் பார்ப்பார். யாரைப் பார்த்தாலும் கும்பிடுவதற்கு முன்னால் காதைத் தொடுவார். காது சில்லென்று இருந்தால் ஒரு வியாதி, சுட்டால் ஒரு வியாதி. பிறகு மூக்கைப் பார்ப்பார். மாட்டுக்கு மூக்கு ஈரமாக இருந்தால் சுகம் என்று கணக்கு. அதனால் மார்கழியில் ஊரே சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரியும்போது, "மூக்கு நல்லா ஈரமா இருக்குதுங்க. ஒடம்புக்கு ஒரு கொறையும் இல்லை" என்று எல்லோருக்கும் நற்சாட்சி கொடுத்துக்கொண்டே போவார். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர் வெற்றிலை போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய்க் கவலையோடு கேட்பார்: "ஏனுங்க, அசை போடக் காணோமே? வயிறு ஏதாச்சும் உப்பியிருக்குதுங்களா?"

நான் கல்யாணமாகி வந்து இறங்கின அன்றைக்குக் கூட்டத்தில் அவரும் நின்றிருக்கிறார். நான் வண்டியிலிருந்து இறங்கி வாசல்வரைக்கும் நடந்ததைப் பார்த்துவிட்டு என் மாமியாரிடம் சத்தமாகச் சொன்னார்: "நடை சுத்தமா இருக்குதுங்க ஆத்தா. கால்ல கோணல் இல்லை. மொரட்டுத்தனமும் இல்லை, சாதுவாத்தான் தெரியுது."

மாமியாருக்கு வாயெல்லாம் பல். எனக்குத் தலையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இயல்பாகவே நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாதவள். அன்றிலிருந்து அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவர் எதையாவது கேட்டால் என் பதில் மாமியார் வழியாகத்தான் போகும். மூத்தவள் சரசு பிறந்தபோது வாசலில் நின்று, "அம்மிணிக்கு மொத ஈத்து சுளுவாப் போச்சுதுங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார். அதற்கு நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சரசுவுக்கு நாலு வயதாகும்போது எனக்கு இரண்டாவது பிரசவம். பொள்ளாச்சிப் பக்கம் என் அம்மா வீட்டுக்குப் போனேன். சரசுவை மாமியாரிடம் விட்டுப் போனேன். பையன் பிறந்தான். பிறந்த கையோடு எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். காய்ச்சல் போகும்போது தாய்ப்பாலையும் கொண்டுபோய்விட்டது. சில மாதங்கள் கழித்து மெலிந்த உடம்பும் கைக்குழந்தையுமாகத் திரும்பி வந்தேன்.

பால் இல்லாத குழந்தைக்கு மாட்டுப்பால்தான். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அதற்கொரு கட்டுப்பாடு உண்டு. ஒரே மாட்டுப் பாலாகக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு இந்த மாடு, நாளைக்கு அந்த மாடு என்று மாற்றினால் பிள்ளையின் வயிறு கெட்டுவிடும் என்பார்கள். ஒத்தை மாட்டுப் பால் என்று பேர். அம்மா வீட்டு மாட்டைக் கூடவே ஓட்டி வர முடியாது; இங்கே புதிதாக ஒன்றைப் பிடித்து அதற்கே பழக்க வேண்டும். அந்த ஒத்தை மாட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கம்பவுண்டர் யாரும் கேட்காமலே தலைமேல் போட்டுக்கொண்டார்.

பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள். தெருவில் இருந்த மாடு ஒவ்வொன்றுக்கும் முன்னால் போய் நின்று குணம் பார்த்தார். ஒன்று ஓரக்கண்ணால் பார்க்கிறது என்று தள்ளினார். ஒன்று தொட்டியில் அடுத்த மாட்டின் பங்கையும் குடிக்கிறது என்று தள்ளினார். இன்னொன்று லேசாகத் தலையை ஆட்டிவிட்டது. "இந்தக் கோவக்காரி பாலைக் குடிச்சா பையன் வளந்து வக்கீலாப் போயிருவானுங்க" என்று அதையும் தள்ளினார். கடைசியில் அலுத்துப்போய் எங்கள் தொழுவத்தில் வந்து உட்கார்ந்தபோது, எங்கள் செவலைப் பசு பின்னாலிருந்து அவர் சட்டையை நக்கிக்கொண்டிருந்தது. "அட, நீ இங்கதான் இருக்கறயா?" என்றார். அதோடு விஷயம் முடிந்தது. செவலையை என் மாமியார் ஒருத்திதான் கறக்க முடியும், வேறு கை பட்டால் உதைக்கும் என்பதை அவர் ஒரு குறையாகவே எடுக்கவில்லை. "கற்புக்கரசிங்க" என்றுவிட்டார்.

பையனுக்குச் செவலைப் பால் ஒத்துக்கொண்டது. எனக்குத்தான் வேறொன்று ஒத்துக்கொள்ளவில்லை. சரசு என்னிடம் வரவில்லை.

நான் வந்து இறங்கினதும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவளோ, நான் இல்லாத நாளில் அவரோடு சேர்ந்துகொண்டாள் போல, கம்பவுண்டரின் வேட்டிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சாப்பிடுவது மாமியார் கையால், தூங்குவது மாமியார் பக்கத்தில். ஒருநாள் மாமியார் ஒரு பக்கச் சடையைப் பின்னி முடிப்பதற்குள் யாரோ கூப்பிட எழுந்து போய்விட்டார். மறுபக்கத்தை நான் பின்னுகிறேன் வா என்றேன். வரவில்லை. ஒற்றைச் சடையோடு பொழுது சாய்கிறவரைக்கும் திரிந்தாள். குழந்தையை 'அது' என்பாள். "அப்பத்தா, அது அழுகுது." அவ்வளவுதான் அதோடு அவளுக்கு உறவு. கோபித்துக்கொண்டு அடித்தாலாவது தேவலை. அவளோ விருந்தாட வந்த ஒறம்பரை யாரோ ஒருத்தியிடம் போல என்னிடம் மரியாதையாக விலகிப் போனாள். அது எனக்குத் தாங்கவில்லை. இப்படியே வளர்ந்துவிடுவாளோ என்ற பயம் உள்ளே தின்றுகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

கம்பவுண்டர் கண்டுகொண்டார். திண்டாட்டமாகத் தலையைச் சொறிந்துகொண்டு மாமியாரிடம் கேசை விளக்கினார்.

"ரெண்டாங் கன்னு போட்டா தாய்மாடு மூத்த கன்னை முட்டித் தள்ளுமுங்க ஆத்தா. அது ஊரு ஒலகத்துல உள்ளது. இங்க மூத்த கன்னு தாயை முட்டுது. கேசு தலைகீழா இருக்குது."

"அதுக்கு என்ன மருந்துங்க கம்பவுண்டரே?"

"தாயும் கன்னும் ஒட்டலீன்னா கன்னு மேல உப்பைத் தடவி உடுவோமுங்க. தாய் நக்கி நக்கி ஒட்டிக்கும். இங்க ஆருக்கு உப்புத் தடவறதுன்னுதான் ரோசனை பண்ணீட்டிருக்கறேன்."

"என்ற மருமகளுக்கு உப்புத் தடவுனா ஊறுகாயாத்தான் ஆவா. போயி வேற வேலை பாருங்க."

அவர் வேறு வேலை பார்த்தார். சரசுவின் காதைத் தொட்டுச் சூடு பார்க்கிற சாக்கில் அதே காதில் குனிந்து, "கண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறார். எதிர் வீட்டுப் பிள்ளைகள் மலம்புழா அணைக்குப் போய் வந்து, அங்கே பூங்காவில் தண்ணீர் மேலே மேலே குதிக்கிறது, பொழுது சாய்ந்தால் கலர் கலராகிறது என்று அளந்துகொண்டிருந்த சமயம் அது. சரசு ஒரே வார்த்தை சொன்னாளாம்: "மலம்புழா."

அன்றைக்குச் சாயங்காலமே வாசலில் வந்து நின்றார். சரசுவை மலம்புழாவுக்குக் கூட்டிப் போக வேண்டும், அதுவும் அவள் அம்மாதான் கூட்டிப் போக வேண்டும் என்றார். என் மாமியார் இடுப்பில் கை வைத்தார்.

"அவ போனா கைக்கொழந்தை? அதுக்குப் பாலு?"

"பாலைக் கொண்டுபோலாமுங்க."

"இந்த வெயில்ல கொண்டுபோனா உச்சிக்குள்ள திரிஞ்சு போயிரும்."

"அங்க வாங்கிக்கலா..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அங்கே வாங்கினால் அது வேற்று மாட்டுப் பால். ஒத்தை மாட்டுக் கட்டுப்பாட்டை விதித்தவரே மீறலாமா? வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சட்டென்று நின்றார். முகம் பளிச்சென்று ஆனது.

"மாட்டையே கூட்டிட்டுப் போலாமுங்க!"

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றுக் கையோடு வெளியே வந்தார். "ஏனுங் கம்பவுண்டரே, மாட்டுக்கும் பூங்கா காட்டறதுங்களா?"

"மாடு எதுக்குங்க தம்பி பூங்கா பாக்குது? வெளிய நிக்கட்டும். பாலு திரியுதுன்னுதான கவலை? மடியிலயே இருந்தா எப்படித் திரியும்? உங்ககிட்ட டிராக்டர் இருக்குது, பின்னால பெட்டி இருக்குது. இன்னும் என்ன வேணும்?"

மாமியார் சண்டைக்கு வருவார் என்று கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன். அவரோ இடுப்பிலிருந்து கையை எடுத்தார். "செவலை போனா நானும்தான போகோணும்? வேற ஆரு கறக்கறது?" என்றார். குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் விடியும்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்கு முன்பே அவர் கல்யாணச் சீலையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் செவலை பால் இறக்காது. ஆகவே கன்றும் ஏறியது. இரண்டுக்கும் வைக்கோல் ஏறியது. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தண்ணித் தொட்டி, கறவைச் செம்பு, குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு, எங்களுக்குப் புளிச்சோறு எல்லாம் ஏறியது. கம்பவுண்டர் டிராக்டர்ப் பெட்டியின் நாலு மூலையிலும் மூங்கில் நட்டு, மேலே பாய் விரித்துக் கட்டி, நடுவில் பையனுக்குத் தூளி போட்டுவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் தேர் வருகிற மாதிரி இருக்கும். வழியில் ஒரு கிழவி சாமி மாடு ஊர்வலம் போகிறதென்று நினைத்துக் குடத்தோடு ஓடி வந்து செவலையின் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள். கல்யாணச் சீலையில் இருந்த என் மாமியார் கை தூக்கி ஆசீர்வாதம் செய்தார்.

டிராக்டர் குலுக்கின குலுக்கலில் பையன் என்றைக்கும் இல்லாத தூக்கம் தூங்கினான். செவலை வைக்கோலைத் தின்றது. வைக்கோல் என்று நினைத்து இரண்டு தடவை என் கொண்டையையும் தின்னப் பார்த்தது. சரசு கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் பக்கத்தில் நிறைய இடம் இருந்தது.

மலம்புழா வாசலில் காவல்காரர் ஒருவர் நின்றிருந்தார். டிராக்டரைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பாய்க்கு அடியிலிருந்து நீண்ட கொம்பைப் பார்த்தார்.

"ஏய், பசுவோ? பசுவினெ அகத்து கேற்றான் பாடில்ல!" என்றார். மாட்டை உள்ளே விடமுடியாது என்கிறார்.

வெளியே நிறுத்தத்தான் வந்தோம். ஆனால் முடியாது என்று ஒருவர் சொல்லிவிட்டால் கம்பவுண்டருக்குப் பொறுக்காது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். "சாரே, ஞானும் சர்க்கார் ஆளாணு. மிருகாஸ்பத்திரி!"

"எந்நால் மிருகத்தினெ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. இது பூந்தோட்டமாணு."

அப்படியானால் மிருகத்தை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோ, இது பூந்தோட்டம் என்கிறார். கம்பவுண்டர் திரும்பி வந்து பெட்டியில் ஏறிக்கொண்டார். வாய்க்கால் ஓரம் ஒரு பெரிய மரத்தடியில் மாட்டையும் கன்றையும் இறக்கிக் கட்டினோம். அங்கே அவர் ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்தார். மாமியாரும் அவரும் மாட்டுக்குக் காவல். பையன் தூளியில் தூங்கட்டும். டிராக்டர் ஓட்டிக் களைத்த என் வீட்டுக்காரர் நிழலில் படுக்கட்டும். "அம்மிணி, நீங்க புள்ளையக் கூட்டிட்டு உள்ள போயிட்டு வாங்கோ."

நானும் சரசுவும் மட்டுமா? பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு மாமியாரிடம் மெதுவாகச் சொன்னேன்: "அத்தை, அவரும் கூட வரட்டுங்க. அவரு வந்தாத்தான் அவ நடப்பா."

கம்பவுண்டர் காதில் விழுந்துவிட்டது. வானத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். "ரெண்டு சேரோணும்னா மூணாவது பக்கத்துல நிக்கப்படாதுங்க. பட்டியில பாத்திருக்கறேன்."

உள்ளே போனோம். சரசு எனக்கு முன்னால் நடந்தாள். நான் கை நீட்டினேன்; பார்க்காதவள் போல இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். பூ பூவாகப் பார்த்துக்கொண்டு போனோம். ரோஜா என்றேன். தெரியும் என்கிற மாதிரி போனாள். தண்ணீர் குதிக்கிறது பார் என்றேன். பார்த்தாள். என்னோடு பார்க்கவில்லை, தனியாகப் பார்த்தாள்.

அப்படியே போய்த் திரும்பின இடத்தில் அந்தப் பெரிய யட்சி சிலை உட்கார்ந்திருந்தது. மலையளவு பெண். காலை நீட்டி, முகத்தை மேலே தூக்கி, உடம்பில் ஒரு நூல் துணி இல்லாமல். நான் தலையைக் குனிந்து என் கால் விரலைப் பார்க்க ஆரம்பித்தேன். சரசு அசையாமல் நின்றாள். நான் வந்த நாளிலிருந்து என்னிடம் ஒன்றும் கேட்காதவள், அந்தப் பூங்காவுக்கே கேட்கும்படி முதல் கேள்வியைக் கேட்டாள்.

"இந்தக்கா ஏன் சீலை கட்டலை?"

பின்னால் வந்த ஒரு குடும்பம் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டது. எனக்குக் காது சுட்டது. கம்பவுண்டர் தொட்டிருந்தால் ஊசியே போட்டிருப்பார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "தொவைச்சுக் காயப்போட்டிருக்காங்க கண்ணு."

"எங்க காயுது?"

"அணைக்கு அக்கட்டால."

"இத்தாம் பெரிய அக்காளுக்கு எத்தாம் பெரிய கொடி வேணும்?"

"பத்து ஊர்க் கொடிய ஒட்டுக்காக் கட்டோணும்."

"நம்மூட்டுக் கொடியும் குடுக்கலாமா?"

"குடுக்கலாம். அப்பத்தாகிட்டச் சொல்லாத, வைவாங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். ஒரு நொடிதான். அப்புறம் கேள்விமேல் கேள்வி. அந்த அக்கா எழுந்து நின்றால் அணை உடைந்துவிடுமா? அவளுக்கு எத்தனை மாட்டுப் பால் வேண்டும்? அவளுக்குத் தம்பி இருக்கிறானா? நான் வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டு, அந்தச் சிலைக்கு ஒரு குடும்பத்தையே கட்டிக் கொடுத்தேன். திரும்பி நடக்கும்போது அவள் கை என் சீலை நுனியைப் பிடித்திருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் விட்டுவிடுவாளோ என்று பயம்.

பையனுக்குப் பால் வேளை ஆனதும் வெளியே வந்தோம். மரத்தடியில் ஒரே கூட்டம்.

நடந்தது இதுதான். பக்கத்துச் சந்தை முடிந்து மாட்டுத் தரகர்கள் சிலர் அந்த வழியாக வந்திருக்கிறார்கள். செவலையைப் பார்த்து நல்ல மாடு என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவு போதாதா நம் ஆளுக்கு? பல்லைக் காட்டினார், மடியைக் காட்டினார், சுழியைக் காட்டினார், நடக்கவிட்டுக் காட்டினார். ஒத்தை மாடாகப் பொறுக்கி எடுத்த தன் சாமர்த்தியத்தை உலகமே தெரிந்துகொள்ளட்டும் என்கிற நினைப்பு. அப்போது ஒரு தரகர் தன் துண்டை அவர் கைமேல் போட்டிருக்கிறார்.

மாட்டு வியாபாரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டுக்கு அடியில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு விரலை அமுக்கி அமுக்கியே பேசுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கடைசியாகக் கையைக் குலுக்கிவிட்டால் சத்தியம் செய்த மாதிரி. நம் கம்பவுண்டருக்குத் துண்டைப் பார்த்ததும் விரல் அரித்திருக்கிறது. சும்மா பேசிப் பார்ப்போமே, மாட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரியட்டுமே என்று ஏற்றி ஏற்றிப் போயிருக்கிறார். எதிர்பாராத உயரத்துக்கு விலை போனதும், சந்தோஷம் தாங்காமல், தன்னை மறந்து, கையைக் குலுக்கிவிட்டார்!

மடி கழுவத் தண்ணீர் எடுக்க வாய்க்காலுக்குப் போயிருந்த மாமியார் செம்போடு வந்தபோது தரகர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சும்மா வெளையாட்டுக்குங்க..." என்று கம்பவுண்டர் குழறினார்.

"வெரல் புடிச்சதுல வெளையாட்டு ஏதுங்க? இத்தனை பேரு சாச்சி இருக்கறாங்க."

"அட கெரகமே!" என்று மாமியார் செம்பைக் கீழே போட்டார். "மாட்டுக்குக் காவல் இருங்கன்னா மாட்டையே வித்துப்போட்டீங்களா? என்ற பேரனுக்கு இனி ஆரு பாலு குடுப்பா, நீங்களா?"

தூளியில் பையன் விழித்துக்கொண்டு வீறிட்டான். கன்று கத்தியது. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, யாரோடு சண்டை போடுவதென்று தெரியாமல் வேட்டியை மட்டும் மடித்துக் கட்டினார். அப்போது என் சீலை நுனி விடுபட்டது. சரசு ஓடினாள். அத்தனை கால்களுக்கு நடுவே புகுந்து போய்ச் செவலையின் முன்னங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"உடு! இது பாப்பா மாடு! என்ற பாப்பாக்குப் பசிக்குது, உடு!"

தரகர் சிரித்துக்கொண்டே அவளை விலக்கக் கை நீட்டினார். அந்தக் கையைக் கடித்துவிட்டாள்.

"ஐயோ!" என்று அவர் கையை உதறினார். கம்பவுண்டர் அந்த இடிந்துபோன நிலையிலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "பயப்படாதீங்க, பால் பல்லுதானுங்க" என்றார்.

"எந்தப் பாப்பாவுக்குங்க பசிக்குது?" என்றார் தரகர்.

எப்படி வந்தேனோ தெரியாது. தூளியிலிருந்து பையனைத் தூக்கிக்கொண்டு, முன்பின் தெரியாத அத்தனை ஆண்களுக்கும் நடுவில் போய் நின்றேன். "ஒத்தை மாட்டுப் பாலுங்க. பொறந்த புள்ளைக்கு என்ற கிட்டப் பாலில்லைங்க. இந்த மாட்டுப் பாலைத் தவிர வேற குடுக்கறதில்லைங்க." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

தரகர் கை சுட்ட மாதிரி கயிற்றை விட்டார். கம்பவுண்டரைத் திரும்பிப் பார்த்து ஒரு முறை முறைத்தார். "ஏனுங்க, பல்லைச் சொன்னீங்க, மடியச் சொன்னீங்க, சுழியச் சொன்னீங்க. பச்சைப்புள்ளப் பாலுன்னு இதைச் சொல்லலீங்களே! என்ற தலைல பாவத்தை ஏத்தப் பாத்தீங்களே! நீட்டுங்க கையை. வெரலாலக் குடுத்த வாக்கை வெரலாலயே வாங்கிக்கறேன்."

மறுபடியும் துண்டு விழுந்தது. உள்ளே என்ன அமுக்கு அமுக்கினாரோ, கம்பவுண்டர் முகம் கோணிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். மாமியார் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் அந்தத் தரகரே கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, மாமியார் பால் கறந்தார்.

நான் வைக்கோல்மேல் உட்கார்ந்து பையனை மடியில் போட்டுச் சங்கில் பால் புகட்டினேன். சரசு முன்னால் வந்து நின்று பார்த்தாள். "நான் புடிக்கறேன்" என்றாள். என் கைமேல் தன் கையை வைத்துச் சங்கைப் பிடித்தாள். பால் பாதி உள்ளே, பாதி வெளியே. "மெதுவாக் குடி பாப்பா. மாடு நம்மளதுதான், ஆரும் புடுங்கமாட்டாங்க" என்று அவனுக்குப் புத்தி சொன்னாள். அப்புறம் அவனைக் கொஞ்சம் அக்கட்டால் நகர்த்திவிட்டு, என் மடியில் மிச்சமிருந்த இடத்தில் தலையை வைத்துப் படுத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டாள்.

பொழுது சாய்ந்தது. உள்ளே விளக்குப் போட்டார்கள். ஆவென்று ஜனங்கள் கூச்சலிடுவது கேட்டது. எந்த விளக்கைப் பார்க்க வந்தாளோ அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப எனக்கு மனசில்லை. கால் மரத்துப் போனது, நான் அசையவில்லை. மாமியாரையும் வீட்டுக்காரரையும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். எனக்கு அந்த வெளிச்சம் மரத்துக்கு மேலே கசிந்து வந்ததுதான் தெரிந்தது. செவலை பச்சையானது. அப்புறம் நீலமானது. அப்புறம் கொஞ்ச நேரம் மாடே இல்லை, அசை போடுகிற சத்தம் மட்டும் இருந்தது.

கம்பவுண்டர் மாட்டுக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவரோடு அதுவரை நேராக நான் பேசினதில்லை. அன்றைக்குப் பேசினேன். "நீங்களும் ஒரு நடை உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இருக்கறேனுங்க."

"வேண்டாமுங்க அம்மிணி. இன்னைக்கு இந்தக் கயித்தை உட்டா என்ற கை சும்மா இருக்காது."

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக வந்தார். குனிந்து, தூங்குகிற சரசுவின் காதைத் தொட்டுப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல், கன்று ஈன்ற தொழுவத்தில் பேசுகிற மாதிரி ரகசியமாக, "ஒட்டிருச்சுங்க" என்றார். மறுபடியும் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ அவரை இடுக்கிப் பக்கம், காந்தலூர் மலைக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு ஒரு சேதியும் இல்லை. நான் எழுதினதில் தப்பு இருக்கலாம். சரசுவிடம் படித்துக் காட்டினேன். மாட்டின் நிறம் செவலை இல்லை, மயிலை என்கிறாள். வாய்க்கால் ஓரம் நின்றது ஆலமரமா வாகை மரமா என்றும் எனக்கு ஞாபகமில்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். மிருகாஸ்பத்திரிப் பழைய ஆட்கள் யாராவது இதைப் படித்தால் இன்னொன்றும் விசாரித்துச் சொல்ல வேண்டும். அவர் பின்னால் எப்போதாவது மலம்புழாவுக்குப் போனாரா? வாசலைத் தாண்டி உள்ளே போய் அந்த விளக்கைப் பார்த்தாரா? பார்த்தார் என்று தெரிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.